‘மிங் வம்சம் 1566’: எது நடந்தது, எது எழுதப்பட்டது?

‘மிங் வம்சம் 1566’ என்ற சீனத் தொலைக்காட்சித் தொடரின் 46 பகுதிகளையும் இரண்டு மாதமாக இரவு இரவாக உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நெல் வயலை அழித்து மல்பெரி நடச் சொல்லி, அதற்காக அதிகாரிகளே ஆற்றங்கரையை உடைத்து ஊர்களை மூழ்கடித்த பகுதி உங்களைத் தூங்க விடவில்லை என்கிறீர்கள். ஆனால் ஒரு சின்ன அதிகாரி பேரரசரையே திட்டி மனு எழுதியதும், அதற்குப் பிறகும் அவர் தலை தப்பியதும் சினிமாத்தனமாக இருந்ததாகச் சொல்கிறீர்கள். மனு எழுதிய அந்த அதிகாரி ஹை ருய்க்கும், தொடரில் அவருக்குத் துணை நிற்கும் வாங் யோங்ஜிக்கும் இருந்த நட்பு உண்மையா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: நான் கலங்கியது நடந்த ஒன்றுக்காகவா, யாரோ எழுதிய ஒன்றுக்காகவா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மிங் காலத்து வரி, நிலம், வெள்ளி ஆகியவைதான் நான் படித்த துறை. இருபது வருடத்துக்கு மேல் அதைப் பாடமாகவும் எடுத்து வருகிறேன். இந்தத் தொடரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நடந்தது என்று நம்பியது கற்பனை, கற்பனை என்று சந்தேகப்பட்டது நடந்தது. கரை உடைப்பு கதாசிரியர் லியூ ஹெபிங் கட்டியது. அந்த மனு உண்மையாகவே எழுதப்பட்டது, பேரரசர் கைக்குப் போனது, அதன் வாசகம் இன்றும் முழுமையாகக் கிடைக்கிறது.

மல்பெரியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தொடரின் முதல் பாதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கருவூலம் காலி, ஜெஜியாங் மாகாணத்தில் பாதி நெல் நிலத்தை மல்பெரித் தோட்டமாக மாற்றி, அதிகமாகக் கிடைக்கும் பட்டை மேற்கத்திய வணிகர்களுக்கு விற்றுப் பற்றாக்குறையை அடைப்பது திட்டம். விவசாயி சம்மதிக்கவில்லை. வெள்ளக் காலத்தில் கரையை உடைத்தால் பயிர் போகும், சோற்றுக்கு வழியில்லாதவன் வந்த விலைக்கு நிலத்தை விற்பான். வேலியே பயிரை மேய்ந்த கதை. பார்ப்பவருக்கு ரத்தம் கொதிக்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

1560, 61ஆம் ஆண்டுகளில் அப்படி ஒரு அரசாணை பிறந்ததற்கோ, அதற்காக அதிகாரிகள் கரையை உடைத்ததற்கோ பதிவு கிடையாது. பதிவு கிடைக்காததை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. திட்டமே அந்தக் காலத்தோடு ஒட்டாது. அன்று மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்திருந்தது. கடலோரத்தை ஆட்டிப்படைத்த வாங் ஜி என்ற கடல் வணிகரை, கொள்ளையர் தலைவன் என்று அரசு சொன்ன அந்த மனிதரை, தலைமை ஆளுநர் ஹூ சோங்சியான் நயமாகப் பேசி வரவழைத்தார். 1560 ஜனவரியில் ஜெஜியாங்கின் தலைநகர் ஹாங்ஜோவில் அவர் தலை வெட்டப்பட்டது. வாங் ஜி கேட்டுக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: வணிகத்தைத் திறந்துவிடுங்கள். அவர் தலை விழுந்த ஊரிலேயே, ஒரு வருடம் கழித்து, அரசே வெளிநாட்டுக்காரனுக்குப் பட்டு விற்கத் திட்டம் போட்டது என்று தொடர் சொல்கிறது. தடை தளர்ந்து ஃபூஜியானின் யூயெகாங் துறைமுகம் திறக்கப்பட்டது 1567இல், ஜியாஜிங் பேரரசர் கண்ணை மூடிய பிறகுதான்.

ஆனால் நெல் போய் மல்பெரி வந்தது உண்மை. ஆணை போட்டு வரவில்லை, விலை கூட்டி வந்தது. ஹூஜோ, ஜியாஷிங் பக்கத்து விவசாயி ஒரு வயலில் நெல் போட்டால் என்ன கிடைக்கும், இலை விற்றால் என்ன கிடைக்கும், புழு வளர்த்து நூல் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று தானே கணக்குப் போட்டு மாறினான். இதற்கு ஒரு அழகான சாட்சி இருக்கிறது. மிங்குக்கு முந்தைய சோங் காலத்தில் ‘சூஜோவும் ஹூஜோவும் விளைந்தால் நாட்டுக்கே போதும்’ என்று பழமொழி. மிங் காலத்தின் பிற்பாதியில் அது ‘ஹூகுவாங் விளைந்தால் நாட்டுக்கே போதும்’ என்று மாறிவிட்டது. ஹூகுவாங் என்பது மேற்கே, இன்றைய ஹூபெய், ஹூனான் மாகாணங்கள். நாட்டுக்கே அரிசி போட்ட ஊர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு ஆற்றின் மேலிருந்து படகில் வரும் அரிசியை எதிர்பார்க்கத் தொடங்கின. ஒரு பழமொழியில் ஊர்ப் பெயர் மாறியதற்குள் இவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

அரசு ஒருபோதும் விவசாயியிடம் என்ன நட வேண்டும் என்று சொன்னதில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசரே, ஐந்து முதல் பத்து மூ வரை நிலம் உள்ளவர்கள் மல்பெரி, சணல், பருத்தி மூன்றையும் தலா அரை மூ போட வேண்டும் என்று ஆணையிட்டவர். ஒரு மூ என்பது நம் கணக்கில் சுமார் 15 சென்ட். வீட்டுக்கு வேண்டிய துணிக்காகச் சொன்ன ஏற்பாடு அது. லியூ ஹெபிங் இதை அறிந்துதான் எழுதினாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தொடரில் மூழ்கும் சுன்ஆன் வட்டம் உண்மையான ஊர். ஹை ருய் 1558 முதல் 1562 வரை அங்கே ஆட்சியராக இருந்ததும் உண்மை. ஆனால் அது பட்டு விளையும் சமவெளி கிடையாது. மலையும் பாறையுமான ஏழை வட்டம். ஹை ருய் அங்கே இருந்தபோது எழுதிய குறிப்புகளைப் படித்தால், பட்டு அல்ல, சரியான வரிக் கணக்கு, ஓடிப்போன குடும்பங்கள், அதிகாரிகள் வந்து போகும் செலவு இவைதான் திரும்பத் திரும்ப வரும். இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுன்ஆன் பிறகு நிஜமாகவே மூழ்கியது. 1959இல் ஷின்ஆன் ஆற்றில் நீர்மின் அணை கட்டியபோது பழைய ஊரும் வயல்களும் நீருக்குள் போயின. லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. இன்று அது ஆயிரம் தீவு ஏரி என்ற சுற்றுலாத் தலம். ஒருமுறை அங்கே படகில் போனேன். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. தீவு என்று காட்டியதெல்லாம் அந்த மலைகளின் உச்சி. ஹை ருய் நடந்த தெரு நமக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொடரில் வெள்ளக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரிதான் கண்முன் வரும்.

கருவூலம் காலியாக இருந்தது மட்டும் முழு உண்மை. 1550இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பீஜிங் மதில்வரை வந்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு தலைநகருக்கும் வடக்கு எல்லைக்குமான செலவு 59.5 லட்சம் லியாங் வெள்ளி. மையக் கருவூலத்துக்கு ஆண்டு வரவோ சுமார் 20 லட்சம். ஒரு லியாங் ஏறத்தாழ 37 கிராம். 1556இல் ஷான்ஷியில் நிலநடுக்கம், எட்டு லட்சம் பேருக்கு மேல் போனதாகப் பதிவு. 1557இல் அரண்மனையின் மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்து, திரும்பக் கட்டிமுடிக்க ஐந்து வருடம். தெற்கே கடற்கொள்ளையர் போர் வேறு. ஆகவே முதல் பகுதியில் புத்தாண்டு நேரத்தில் அமைச்சர்களும் அண்ணகர்களும், அதாவது காயடிக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களும், எதிரெதிரே உட்கார்ந்து போன வருடச் செலவுக்கு யார் பொறுப்பு என்று சண்டை போடும் காட்சி இருக்கிறதே, அந்தக் கணக்கில் இருக்கும் ஓட்டை கற்பனை இல்லை.

அந்தக் காட்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடர் ஏன் நல்ல தொடர் என்பது அங்கேதான் இருக்கிறது. பேரரசர் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் எல்லோரும் அவர் காதில் விழும்படிதான் பேசுகிறார்கள். திரைக்கு அப்பாலிருந்து வெண்கல மணித்தட்டை அவர் ஒரு முறை தட்டினால் காகிதத்தில் சிவப்பு மை விழுகிறது, தட்டாவிட்டால் விழுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளை உடையில், மேகம் வானத்தில் இருக்கிறது, நீர் குப்பியில் இருக்கிறது என்று முடியும் தாங் காலத்துக் கவிதையைச் சொல்லிக்கொண்டே வெளியே வருகிறார். அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. செய்தது முழுக்க அவர்களே. நாளை தப்பாகப் போனால் தலை போவதும் அவர்களுடையதே.

மணித்தட்டு கதாசிரியரின் கைவரிசை. ஆட்சி அப்படித்தான் நடந்தது என்பது வரலாறு. ‘உள் அவை’ என்ற அமைச்சர் குழு ஒவ்வொரு மனுவுக்கும் என்ன பதில் போடலாம் என்று வரைவு எழுதி ஒட்டும்; சடங்கு அலுவலகத்து அண்ணகர்கள் பேரரசர் பேரில் சிவப்பு மையில் அதை உறுதி செய்வார்கள். இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போனால்தான் காகிதம் நகரும். ஜியாஜிங் இருபது வருடத்துக்கு மேல் முறையான அரசவைக்கு வரவில்லை. ஆனாலும் பிடி நழுவவில்லை. 1542இல் அரண்மனைப் பெண்கள் பதினைந்து, பதினாறு பேர் சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கினார்கள். முடிச்சைத் தப்பாகப் போட்டதால் இறுகவில்லை, பிழைத்தார். அதற்குப் பிறகு உள் அரண்மனையை விட்டு மேற்குப் பூங்காவுக்குக் குடிபோய், தாவோயிச வழிபாட்டிலும் சாகாத மருந்திலும் காலத்தைக் கழித்தார். அந்தப் பெண்கள் ஏன் துணிந்தார்கள் என்பதற்கு மருந்துக்காக அவர்களை வதைத்தது முதல் அந்தப்புரப் பொறாமை வரை பல காரணங்கள் சொல்கிறார்கள். எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. விசாரணை நடந்த வேகத்தில் எல்லோரையும் கொன்றுவிட்டார்கள்.

தலைமை அமைச்சர் யான் சோங் வீழ்ந்த விதத்திலும் தொடரைவிட நிஜம் சுவாரசியமானது என்பேன். 1561 கடைசியில் மேற்குப் பூங்காவில் பேரரசர் குடியிருந்த மாளிகை எரிந்து, யூஷி மண்டபம் என்ற இடுக்கான இடத்துக்கு மாற வேண்டி வந்தது. (தொடரில் முதலிலிருந்தே அவர் யூஷியில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அது கொஞ்சம் முந்திக்கொண்டது.) எண்பது வயதைத் தாண்டிய யான் சோங், அப்போதைக்குத் தெற்கு அரண்மனையில் தங்கலாமே என்று யோசனை சொன்னார். அது நூறு வருடத்துக்கு முன் ஒரு பேரரசரைச் சிறை வைத்திருந்த இடம். அவருக்கு அடுத்த அமைச்சர் சூ ஜியே சாமர்த்தியமாக, மூன்று மண்டப வேலையில் மிஞ்சிய மரத்தை வைத்து எரிந்த மாளிகையையே சில மாதத்தில் கட்டித் தருகிறேன் என்றார், கட்டியும் தந்தார். 1562இல் யான் சோங் வெளியே. 1565இல் மகன் யான் ஷிஃபான் தலை போனது. கிழவருக்கு ஒரு வாய்த் தவறு போதுமானதாக இருந்தது. நி தாஹோங் அந்த முதுமையை நடித்திருக்கும் விதம், குறிப்பாகப் பாதி கேட்டும் பாதி கேட்காத காதோடு பேசுவது, நான் பார்த்த தொலைக்காட்சி நடிப்பிலேயே முதல் வரிசையில் வைக்க வேண்டியது.

சரி, ஹை ருய். ஹாய்னான் தீவின் ச்சியோங்ஷானில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், அம்மாதான் வளர்த்தது. மாகாணத் தேர்வுக்கு மேல் தேறவில்லை; அதனால் பதவியில் எப்போதும் கீழ்ப்படிதான். முதல் வேலை ஃபூஜியானின் நான்பிங்கில் பள்ளி ஆசிரியர். மேலதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தபோது இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் மண்டியிட, நடுவில் இவர் மட்டும் நின்றபடி கைகூப்பினார். மூன்று பேரும் தூரிகை வைக்கும் தாங்கிபோல் தெரிந்ததால் ‘தூரிகைத் தாங்கி’ என்று பட்டப்பெயர் வந்தது. சுன்ஆனில் இருந்தபோது ஒரு நாள், தலைமை ஆளுநர் ஹூ சோங்சியான் பிறரிடம் அதிசயமாகச் சொன்னாராம்: நேற்று ஹை ஆட்சியர் அம்மாவின் பிறந்தநாளுக்கு இரண்டு ஜின் இறைச்சி வாங்கினாராம்! இரண்டு ஜின் என்றால் ஒரு கிலோவும் கொஞ்சமும். ஒரு வட்ட ஆட்சியர் கறி வாங்கியது மாகாணத் தலைநகரில் செய்தியாக இருந்திருக்கிறது என்றால் அந்த வீட்டில் மற்ற நாள் என்ன சமைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரே வளவில் காய்கறி போட்டுச் சாப்பிட்டார் என்றும் பதிவு இருக்கிறது.

1564இல் பீஜிங் வருவாய் அமைச்சகத்தில் ஆறாம் நிலைப் பதவிக்கு வந்தார். 1566இன் தொடக்கத்தில் மனுவைக் கொடுத்தார். இந்த இடத்துக்கு நான் பொறுப்பேற்றுப் பேசலாம். மூலத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அமைச்சர் கெட்டவர், அண்ணகர் கெட்டவர், பாவம் பேரரசருக்குத் தெரியாது என்ற வழக்கமான பாட்டே அதில் கிடையாது. நேராகவே பேசுகிறது. இருபது வருடத்துக்கு மேலாக அவைக்கு வரவில்லை, சட்டம் தளர்ந்துவிட்டது. இரண்டு மகன்களைச் சந்திப்பதில்லை, தகப்பன் பிள்ளைப் பாசம் இல்லை என்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் அதிகாரிகளைக் கொல்கிறீர்கள், அரசன் குடிப் பிணைப்பு இல்லை என்கிறார்கள். மேற்குப் பூங்காவைவிட்டு வருவதில்லை, கணவன் மனைவி உறவு இல்லை என்கிறார்கள். அப்புறம் அந்த வரி: ‘ஜியாஜிங்’ என்றால் ‘ஜியா ஜியா ஜிங்’, வீடு வீடாகத் துடைத்துப் போட்டதுபோல் ஒன்றும் இல்லை என்று மக்கள் உங்கள் ஆண்டுப் பெயரையே சொல்கிறார்கள். சீனத்தில் வீட்டுக்கும் துப்புரவுக்கும் உள்ள சொற்கள் அந்தப் பெயரைப்போலவே ஒலிக்கும். இன்னொரு வரி இதையும் தாண்டியது: நாட்டு மக்கள் மாட்சிமை தங்கிய தங்களைச் சரியானவர் என்று நினைக்காமல் போய் நெடுநாளாகிறது. படிக்கிற காலத்தில், அகராதியைப் புரட்டிப் புரட்டி அந்த வரிக்கு வந்து சேர்ந்தபோது, எங்கேயோ இலக்கணத்தில் தவறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தவறவில்லை.

அப்புறம் நடந்ததை ‘மிங் வரலாறு’ சொல்கிறது. பேரரசர் அதைத் தரையில் வீசி, பிடியுங்கள், ஓடவிடாதீர்கள் என்று கத்தினார். பக்கத்தில் இருந்த அண்ணகர் ஹுவாங் ஜின் சொன்னார்: இந்த ஆளுக்குப் பித்தன் என்று பேர் உண்டு, மனு கொடுக்கும்போதே சாவு நிச்சயம் என்று சவப்பெட்டி வாங்கி வைத்துவிட்டார், பெண்டு பிள்ளையிடம் விடைபெற்றுவிட்டார், வேலைக்காரர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள், இவர் ஓடமாட்டார். பேரரசர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துப் படித்தார். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை படித்தார். பெருமூச்சு விட்டார். மனுவைப் பல மாதம் தன்னிடமே வைத்துக்கொண்டார். பி கான் என்று பழைய காலத்தில் கொடுங்கோலன் ஜோ மன்னனிடம் உண்மையைச் சொல்லிச் செத்த அமைச்சர் ஒருவர் உண்டு. இவரைப் பி கானுக்கு ஒப்பிடலாம், ஆனால் நான் ஜோ இல்லை என்றார். உடம்பு முடியாமல் போனபோது சூ ஜியேயிடம், ஹை ருய் சொன்னதெல்லாம் சரிதான் என்றும் சொன்னார். அதே மூச்சில், நான் எழுந்து மண்டபத்துக்குப் போகிற நிலையில் இருந்திருந்தால் இந்த ஆளிடம் திட்டு வாங்குவேனா என்று பொருமிச் சிறையில் போட்டார். நீதி அமைச்சகம் மரண தண்டனை எழுதி அனுப்பியது. அந்தக் காகிதத்தையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார், உறுதி செய்யவில்லை.

இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மனுவின் வாசகம், சிறை, தண்டனை நிறைவேறாதது ஆகிய மூன்றிலும் சந்தேகமே வேண்டாம். பேரரசரும் ஹுவாங் ஜினும் பேசிக்கொண்ட சொற்கள் அப்படியே இருக்குமா என்றால், நான் சத்தியம் செய்யமாட்டேன். ‘மிங் வரலாறு’ 1739இல், மிங்குக்குப் பின் வந்த ச்சிங் அரசு முடித்த நூல். நிகழ்ச்சிக்கும் அதற்கும் 170 வருட இடைவெளி. முந்தைய ஆவணங்களிலிருந்து தொகுத்ததுதான், ஆனால் இடையில் எத்தனை வாய் அந்தக் கதையைச் செதுக்கியதோ. ஏன் கொல்லவில்லை என்பதும் ஊகமே. 1524இல் தன் சொந்த அப்பாவுக்கு என்ன பட்டம் கொடுப்பது என்ற தகராறில் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகளைப் பிடித்துத் தடியடி கொடுத்து, 15க்கும் மேற்பட்டோரைச் சாகடித்தவர் இவர். யான் சோங்கைக் குற்றம் சாட்டிய யாங் ஜிஷெங் 1555இல் தலை இழந்தார். அப்படிப்பட்டவர் இங்கே நின்றதற்கு நோய் காரணமா, சூ ஜியே பேச்சா, பெயர் கெடும் என்ற பயமா? என் சாய்வு கடைசியின் பக்கம். தன்னைப் பற்றிய மனு அவ்வளவு நேராக வரும்போது அதை எழுதியவனைக் கொல்வது அதற்குக் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இது என் கருத்து, பதிவு அல்ல.

தொடரில் வருகிற, யாங்சியும் மஞ்சளாறும் இரண்டும் வயலுக்குப் பாய்கின்றன, ஒன்று தெளிந்தது என்று அதை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியாது, ஒன்று கலங்கியது என்று தள்ளவும் முடியாது என்ற பேச்சு உங்களைக் குழப்பியிருக்கலாம், பலரையும் குழப்பியது. அதைப் பேசியது பேரரசராக நடித்த சென் பாவ்குவோவின் வாய், எழுதியது லியூ ஹெபிங். ஜியாஜிங் எங்கேயும் சொன்னதாகப் பதிவில்லை. ஆனால் அவர் அதிகாரிகளைப் பயன்படுத்திய விதத்துக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த ஆய்வு நூலிலும் படித்ததில்லை.

சிறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹை ருய் எப்படிப்பட்டவர் என்று தெரிய அதுதான் சாவி. 1567 ஜனவரியில் பேரரசர் இறந்தார். வெளியே இன்னும் பலருக்குத் தெரியாது. சிறை அதிகாரிக்குச் சேதி கிடைத்தது. இந்த மனிதர் இனி பெரிய ஆளாகப்போகிறார் என்று நல்ல சாப்பாடும் மதுவும் வைத்தார். ஹை ருய் இது வெட்டுக்களத்துக்கு முந்தைய கடைசிச் சாப்பாடு என்று நினைத்து, கவலையே இல்லாமல் வயிறாரச் சாப்பிட்டார். அதிகாரி காதோடு காதாக, பேரரசர் போய்விட்டார், உங்களுக்கு விடுதலை என்றார். நிஜமா என்று கேட்டார் ஹை ருய். அடுத்த நிமிடம் ஓவென்று கதறி, சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுத்து, நினைவிழந்து தரையில் விழுந்தார். விடிய விடிய அழுகை நிற்கவில்லை. இப்போது இதைப் படிப்பவர்கள் நடிப்பு என்றும் அடிமைப் புத்தி என்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுவின் கடைசியில் அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: இதெல்லாம் மாட்சிமை தங்கிய தாங்கள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தால் தீரும். அவர் அதை நம்பினார். எழுந்து உட்கார வேண்டியவர் எழாமலே போய்விட்டார். அந்த அழுகையில் அவர் எழுதிய மனுவும் சேர்ந்துதான் செத்தது.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஐந்து வயது மகள் வேலைக்காரன் கையிலிருந்து பலகாரம் வாங்கித் தின்றாள் என்று கடிந்துகொண்டதில் அந்தக் குழந்தை பட்டினி கிடந்து செத்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அது தனியார் குறிப்பு ஒன்றிலிருந்து வருவது. பல ஆய்வாளர்கள் நம்புவதில்லை, நானும் பாடத்தில் அதை உண்மையாகச் சொல்வதில்லை. ஆனால் கூட வாழ்வதற்கு மிகக் கடினமான மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை. 1569இல் சூஜோ பகுதிக்கு ஆளுநராகப் போனபோது, தன்னைக் காப்பாற்றிய சூ ஜியேயின் குடும்ப நிலத்திலேயே கைவைத்தார். அடுத்த ஆண்டே பதவி போனது. பதினைந்து வருடம் ஊரில் சும்மா இருந்தார்.

அந்தப் பதவி பறிப்பை வைத்துத்தான் வரலாற்றாசிரியரும் பீஜிங் துணை மேயருமான வூ ஹான் எழுதிய மேடை நாடகம் 1961இல் அரங்கேறியது. ஹை ருய்போல் பேசப் பழகுங்கள் என்று 1959இல் சொன்னவர் மாவோதான். ஆனால் 1965 நவம்பரில் யாவ் வென்யுவான் அந்த நாடகத்தைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். மாவோவை விமர்சித்துப் பதவி இழந்த பெங் தேஹுவாய்க்கு ஆதரவான நாடகம் என்று குற்றம் சாட்டினார்கள். கலாச்சாரப் புரட்சி மூண்டது அந்தப் பொறியில்தான். வூ ஹான் 1969இல் சிறையில் இறந்தார். ஆகவே 2007இல் இந்தப் பெயரைத் தலைப்பாத்திரமாக வைத்துத் தொடர் எடுப்பது சீனப் பார்வையாளருக்குச் சாதாரண விஷயமாகப் படாது. முதலில் ஒளிபரப்பானபோது பெரிதாக எடுபடவில்லை. 2017இல் இணையத்தில் மறுபடி வந்த பிறகுதான் கொண்டாடத் தொடங்கினார்கள்.

மற்றவர்களைப் பற்றி வேகமாக: ஹூ சோங்சியான், ச்சி ஜிகுவாங், தான் லுன், சூ ஜியே, காவ் கோங், ஜாங் ஜூஜெங் எல்லோரும் உண்மை மனிதர்கள். தலைமை அண்ணகர் லூ ஃபாங், பட்டு வணிகர் ஷென் யீஷி, காவ் ஹான்வென், ஜெங் மிச்சாங் கற்பனை. ஹூ சோங்சியானைத் தொடர் கொஞ்சம் வெள்ளையடித்திருக்கிறது. நிஜ ஆள் கெட்டிக்காரர், ஆனால் கை சுத்தம் என்று யாரும் சொன்னதில்லை. 1565இல் சிறையில் இறந்தார். ஆடை, அணிகலன், ஆயுதம் சரியா என்று கேட்காதீர்கள். அதில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக வாங் யோங்ஜி. தொடரில் 1561இலேயே பக்கத்து ஜியாந்தே வட்டத்து ஆட்சியராக வந்து ஹை ருய்க்குத் தோள் கொடுக்கிறார். நிஜத்தில் அவர் தலைநகர்த் தேர்வில் தேறியதே 1568இல்தான். அந்த நட்பு அப்போது இருந்திருக்க வழியில்லை. ஆனால் லியூ ஹெபிங் அவரை எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். 1585இல் ஹை ருய்யை மறுபடி வேலைக்கு அழைத்தார்கள். எழுபதைத் தாண்டிய வயதில் நான்ஜிங் போனார். 1587இல் பதவியிலேயே இறந்தார். மகன் இல்லை. அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்த அதிகாரி வாங் யோங்ஜி. கரடுமுரடான நாரில் நெய்த திரைச்சீலை, உடைந்துபோன மூங்கில் கூடை. ஏழைப் படிப்பாளிகூட இப்படி இருக்கமாட்டான் என்று எழுதியிருக்கிறது. அழுதார், பிறகு நாலு பேரிடம் பணம் திரட்டி அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார். ஊர்க்காரர்கள் கடையை மூடினார்கள். சவப்பெட்டி ஆற்றில் ஹாய்னானை நோக்கிப் புறப்பட்டபோது இரண்டு கரையிலும் வெள்ளை உடுத்தியவர்கள் நூறு லீ, அதாவது சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு நின்றார்கள். அந்த அறைக்குள் போய் அழுத மனிதரைத்தான் கதாசிரியர் இருபத்தாறு வருடம் முன்னால் அனுப்பி, உயிரோடு இருக்கும்போதே ஹை ருய்க்குத் துணையாக நிறுத்தியிருக்கிறார்.